பாறசாலைக்கு வெறும் தண்ணீர் கொண்டுபோன கதை

போன மழைக்காலத்தின் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பாறசாலைக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தப்பைத் திருத்தப் போனேன். கையில் குளிர்ப்பெட்டியோடு பண்ணை பண்ணையாய் அலையும் என்னைப் போன்றவர்களுக்கு இது உபயோகப்படலாம். அந்தப் பக்கம் வேறு வேலையாய்ப் போகிறவர்களுக்கும் ரயில் நேரம், ஆட்டோக் கூலி எல்லாம் இதில் உண்டு.

புதிதாய்ப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பாளையங்கோட்டைக்காரி. திருவனந்தபுரத்தில் கால்நடை நோய் பார்க்கும் ஒரு லேபில் ஒன்பது வருடமாக வேலை. மாடு, பன்றி, கோழி இவற்றின் இரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பிசிஆர் மெஷினில் பார்த்துச் சொல்வேன். வைரஸின் மரபுத் துணுக்கு ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த மெஷின் அதை இரண்டாக்கி, நாலாக்கி, எட்டாக்கி, நாற்பத்தைந்து சுற்று ஓட்டிக் கண்ணுக்குக் காட்டிவிடும். அதன் பெருமையும் அதுதான், வம்பும் அதுதான். பன்றியில் இருந்ததா, என் கையுறையில் இருந்ததா என்று மெஷினுக்குத் தெரியாது.

அதற்காகத்தான் ஒவ்வொரு ஓட்டத்திலும் வெறும் தண்ணீர் வைத்த ஒரு டியூப் போகும். அதில் ஒன்றும் வரக் கூடாது. வைரஸ் துணுக்கை நாமே போட்ட இன்னொரு டியூப் போகும். அதில் கட்டாயம் வர வேண்டும். இரண்டும் ஒழுங்காய் இருந்தால்தான் நடுவில் இருக்கும் பன்றிகளின் பேச்சை நம்பலாம்.

திங்கள்கிழமை சாயங்காலம் என் தண்ணீர் டியூபில் வந்துவிட்டது. முப்பத்தாறாவது சுற்றில், வால் தூக்கிக்கொண்டு ஒரு கோடு. பாறசாலைப் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து வந்த ஆறு பன்றிகளின் இரத்தமும் பாசிட்டிவ். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். மனிதருக்கு ஒட்டாது. பன்றிக்கு வந்தால் மருந்தும் இல்லை, தடுப்பூசியும் கையில் இல்லை. ஒரு பன்றிக்கு உண்டென்றால் பண்ணையில் இருக்கும் முப்பத்து நாலையும் கொன்று புதைக்க வேண்டும்.

எப்படி வந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வைரஸ் துணுக்கைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்ய எங்களுக்குத் தனி அறை உண்டு. அந்த அறையில் ஏசி ரிப்பேர். வியர்த்து ஒழுகுகிறதே என்று, ஒரே ஒரு நாள்தானே என்று, தண்ணீரும் இரத்தமும் கையாளும் சுத்தமான அறையில் வைத்துச் செய்துவிட்டேன். சோம்பேறிக்கு வேலை இரட்டிப்பு என்று என் அப்பா சொல்வார். எனக்கு வேலை மட்டும் இரட்டிப்பானால் பரவாயில்லை, ஒருவரின் பன்றிகள் அல்லவா அதில் மாட்டிக்கொண்டன.

எங்கள் மேலதிகாரி திரையில் அந்தக் கோட்டைப் பார்த்தார். தண்ணீரில் வந்தது முப்பத்தாறில், பன்றிகளில் வந்தது இருபத்தெட்டுக்கும் முப்பத்திரண்டுக்கும் இடையில், சீக்கிரம் வந்தால் வைரஸ் அதிகம் என்று அர்த்தம், வித்தியாசம் இருக்கிறதே, அனுப்பிவிடலாம் என்றார். கெட்ட மனிதர் இல்லை. நோய் பரவிவிடுமோ என்ற பயம் அவருக்கு. நான் முடியாது என்றேன். தண்ணீரில் வந்தால் ஓட்டமே செல்லாது என்று எங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறது, ஒட்டியதே அவர்தான். மிச்ச இரத்தத்தை மறுபடி ஓட்டிப் பாரேன் என்றார். அந்த இரத்தமும் அதே அறையில் திறந்ததுதான், புதிதாய் எடுக்க வேண்டும், நானே போகிறேன், தப்பு என்னுடையது என்றேன். பண்ணை ஏற்கெனவே பூட்டிக் கிடந்தது, உள்ளே வெளியே போக்குவரத்து இல்லை. கடைசியில், புதன்கிழமை நாலு மணிக்குள் முடிவு என் மேஜையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் ஜீப் பட்டறையில் கிடந்தது. அதனால் போவதற்கு ரயில். காலை 6.50க்கு நாகர்கோவில் போகும் பாசஞ்சர், டிக்கெட் பத்து ரூபாய். நேரம் அடிக்கடி மாறும், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். காலி மீன்கூடைகளோடு கடற்கரைப் பக்கத்து அக்கா ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். என் குளிர்ப்பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"மீனு எடுக்கவா போறே பிள்ளே? இந்தப் பெட்டிக்க ஐஸு உச்ச வரைக்கும் நிக்காது கேட்டியா."

பன்றி இரத்தம் எடுக்க என்றால் ரயில் பெட்டி முழுதும் திரும்பிப் பார்க்கும். ஆமாம் அக்கா என்று சொல்லிவைத்தேன். நெய்யாற்றின்கரையில் அவர் இறங்கும்போது, "சாளை வேண்டாம், அயலை எடு" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார். ஐஸ் விஷயத்தில் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பின்னால் தெரிந்தது.

7.45க்குப் பாறசாலை. ஸ்டேஷனுக்கு வெளியே கடையில் ஆப்பமும் கடலைக் கறியும், அறுபது ரூபாய். வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள், நோய் சந்தேகம் உள்ள பண்ணைக்குள் போனால் வெளியே வரும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. கடைக்காரர் என்னிடம் தமிழில் கேட்டார், உள்ளே சமையல்காரரிடம் மலையாளத்தில் சொன்னார், மகனைப் போனில் இரண்டும் கலந்து திட்டினார்.

ஆட்டோக்காரர் பெயர் செல்வின். காரக்கோணம் போகும் சாலையில் போய் உள்ளே திரும்ப வேண்டும். ஊர்ப்பெயரை நான் சொல்லப் போவதில்லை, அந்தக் குடும்பத்துக்கு இருக்கிற தொல்லை போதும். 7.4 கிலோமீட்டர், இருநூறு ரூபாய். இருபுறமும் ரப்பர், இடையிடையே மரச்சீனியும் வாழையும். ஒரு பழைய மிஷன் சர்ச்சைத் தாண்டி ஒரு வளைவில் செல்வின் வண்டியை நிறுத்தினார்.

"இதுக்க அங்ஙன நான் வரமாட்டேன். எனக்க சித்தப்பனுக்க வீட்டுலயும் பன்னி உண்டு. டயர்ல ஒட்டீட்டு வந்தா அதுவும் போவும்."

முந்நூறு மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள் என்று நானே சொல்ல இருந்தேன். எனக்கு முன்னால் அவர் சொல்லிவிட்டார். பாதி லேப் ஆட்களுக்கு இல்லாத புத்தி. திரும்பும்போது திருவனந்தபுரம் வரைக்கும் வர முடியுமா என்று கேட்டேன், சாம்பிளோடு ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறுவது முறை இல்லை. 36 கிலோமீட்டர், தொள்ளாயிரம் ரூபாய் பேசினோம்.

நடந்து போனேன். வழியில் ஒரு ரப்பர் விளை, தோட்டத்துக்கு அங்கே அப்படித்தான் பெயர்; அதன் மேற்கு வரப்பு கேரளம், கிழக்கு வரப்பு தமிழ்நாடு. மரங்களுக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. உள்ளூர் மிருக ஆஸ்பத்திரி டாக்டர் எனக்கு முன்பே வந்து, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பண்ணைக்குச் சொந்தக்காரர் லில்லிபாய் அக்கா கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார். ஐம்பதைத் தாண்டிய வயது. கதவைத் திறக்கவில்லை.

"மூணு நாளு முந்தி வந்து ரெத்தம் எடுத்தாச்சு. ரிசல்ட் என்னன்னு ஒருத்தரும் பறயல்ல. இப்பம் பின்னயும் எடுக்கணுமா? எடுத்தத எங்கயாவது கொண்டு களஞ்சியா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். ஏதாவது சாக்கு சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். டெக்னிக்கல் காரணம் என்ற ஒரு சொல் எங்களிடம் எப்போதும் தயாராக இருக்கும். அதை நான் எடுக்கவில்லை.

"களையல அக்கா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். சுத்தமான ரூம்ல வைக்கக் கூடாததை வச்சுப் பாத்தேன். அதனால அந்த ரிசல்ட்டை நம்ப முடியாது. உண்டுன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது."

உள்ளே பன்றிகள் தொட்டியை முட்டும் சத்தம் கேட்டது.

"நீயாக்கும் தப்பு செய்தது?"

"நான்தான்."

"பின்ன நீயே வந்தியே" என்று சொல்லிக் கதவைத் திறந்தார்.

அக்கா அண்டி ஆபீஸ் என்னும் முந்திரித் தொழிற்சாலையில் கொட்டை உடைத்து, தோட்டுப் பாலில் கை வெந்து, அந்த வேலையை விட்டு இந்தப் பன்றிகளைத் தொடங்கியவர். இரண்டு கொட்டில். எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் ஹோட்டல்களின் மிச்சச் சோறுதான் தீனி; அதில் வேகாத பன்றிக் கறித் துண்டு கிடந்தால் இந்த நோய் வந்துவிடும். வேகவைத்துத்தான் கொடுப்பேன் என்றார். பிறகு தானாகவே, மழையில் விறகு நனைந்த இரண்டு நாள் மட்டும் அப்படியே கொடுத்ததாகச் சொன்னார். டாக்டர் பேனாவை எடுத்தவர் எழுதாமல் வைத்துவிட்டார். ஏசி இல்லாத ஒரு நாளும் விறகு நனைந்த இரண்டு நாளும் எனக்கு ஒன்றாய்த்தான் பட்டன. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

போன தடவை எடுத்த ஆறோடு இன்னும் இரண்டு பன்றி, மொத்தம் எட்டு. பலகையில் எட்டு காலி இரத்த டியூபையும் அடுக்கினேன். ஒன்பதாவதாக ஒரு டியூப் வைத்தேன். லில்லிபாய் அக்கா குனிந்து பார்த்தார்.

"இது என்ன குப்பி? ரெத்தம் எடுக்கதுக்கு முன்னயே இதுல என்னமோ கெடக்கே?"

"வெறும் தண்ணி அக்கா. லேப்ல இருந்து கொண்டுவந்தது. எட்டுப் பன்னிக்கும் எடுத்து முடிக்கிற வரைக்கும் இந்த டியூபும் இங்கேயே மூடி திறந்து இருக்கும். அப்புறம் மூடி, இரத்தத்துக்கு என்னென்ன செய்வேனோ எல்லாம் இதுக்கும் செய்வேன். கடைசியில இதுல ஒண்ணும் வரக் கூடாது. வந்தா, வழியில எங்கேயோ என் கையில அழுக்குன்னு அர்த்தம். மறுபடியும் வருவேன்."

போன தடவை சாம்பிள் எடுத்தபோது இப்படித் தண்ணீர் டியூப் எதுவும் கொண்டுபோகவில்லை. வெளியிலிருந்து எடுக்கும் சாம்பிளுக்கு இது வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும், பெட்டியில் இடமில்லை என்று விட்டுவிடுவோம்.

அக்கா யோசித்தார். "மீனு தூக்கதுக்கு முன்ன தராசுல வெறும் தட்டத் தூக்கிக் காட்டச் சொல்லுவோம்லா. முள்ளு நடுவுல நிக்கா, சாஞ்சு நிக்கான்னு. அதாக்கும் இது."

ஒன்பது வருடமாகப் பயிற்சி வகுப்புகளில் படம் போட்டுக் காட்டி நான் விளக்கியது இதைத்தான். இவ்வளவு நன்றாக ஒரு நாளும் சொன்னதில்லை.

"அப்பம் வெறும் தட்ட நான் பிடிக்கேன்" என்றார். "கடக்காரன் பிடிச்சா அவனுக்க வெரலும் சேந்து நிக்கும்."

புதுக் கையுறை கொடுத்தேன். மூடியை அவரே திறந்தார். டாக்டர் ஒவ்வொரு பன்றியாகப் பிடித்து இரத்தம் எடுக்க எடுக்க, அவர் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றார். பன்றிகளின் முதுகில் சாக்பீஸ் எண். ஏழு, பதினொன்று, பன்னிரண்டு மூன்றும் இரண்டு நாளாய்த் தீனி எடுக்கவில்லை, காது ஓரம் சிவந்திருந்தது. பன்னிரண்டைப் பிடித்தபோது அது கத்தவே இல்லை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார், டியூப் பக்கத்திலிருந்து நகரவில்லை. முடிந்ததும் அவரே மூடினார். என் பேனாவை வாங்கி மூடியின் மேல் சிறியதாய் ஒரு சிலுவை போட்டார்.

"இது எனக்க குப்பி. மாத்தீராத கேட்டியா."

வெளியே வந்து பூட்ஸைப் பிளீச்சிங் தண்ணீரில் முக்கி, மேலுடையைக் கழற்றிப் பையில் கட்டி அங்கேயே விட்டு, வேறு உடை மாற்றிக்கொண்டு நடந்தேன். ஆட்டோவை அடையும்போது 11.10. செல்வின் என் செருப்பைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் ஏற்றினார்.

நெய்யாற்றின்கரை வரை பிரச்சினை இல்லை. பாலராமபுரத்தில் வண்டிகள் மாட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் அசையவில்லை. நல்ல வெயில். பெட்டியின் தெர்மாமீட்டர் கிளம்பும்போது நாலு டிகிரி காட்டியது, அங்கே 6.9. எட்டைத் தாண்டினால் பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பவும் பாறசாலைதான். மீன்கார அக்கா சொன்னது காதில் கேட்டது. செல்வின் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார்.

"ஐஸு போவுதா? பைய இரி மக்கா, நான் வாறேன்" என்று வண்டியை ஓரமாய்ப் போட்டு இறங்கி ஓடினார். ஐஸ்கிரீம் கடையிலிருந்து இரண்டு பெரிய ஐஸ் பொட்டலங்களோடு வந்தார். பெட்டியைத் திறக்காமல், வெளியே சுற்றிக் கட்டி, மேலே தன் மழைக்கோட்டைப் போர்த்தினார். 7.3இல் நின்றது. லேப் வாசலில் இறங்கும்போது 1.25.

புதன்கிழமை காலை ஏசி இல்லாத அறையில் நின்று, வியர்வை மூக்குக்கண்ணாடியில் வழிய வழிய, வைரஸ் துணுக்கு டியூபைத் தயாரித்தேன். சுத்தமான அறையை முந்தின நாள் சாயங்காலமே பிளீச்சால் துடைத்து, தண்ணீர், கரைசல் எல்லாம் புதிதாய்ப் பிரித்திருந்தேன். எல்லாவற்றுக்கும் மூடி போட்ட பிறகு, கடைசியாக, வேறு அறையில் வைத்து அந்த டியூபைச் சேர்த்தேன். மெஷினை மூடியபோது பகல் 12.40.

மெஷின் ஓடும்போது திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது முட்டாள்தனம். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்றியின் சொந்த மரபணு ஒன்றையும் கூடவே தேடுவோம், அது வரவில்லை என்றால் இரத்தத்திலிருந்து மரபணு சரியாகப் பிரியவில்லை என்று அர்த்தம். எட்டிலும் வந்தது. நாங்கள் போட்ட வைரஸ் துணுக்கு இருபத்தேழாவது சுற்றில் ஏறியது. லேபின் தண்ணீர் தரையோடு தரையாய்க் கிடந்தது. சிலுவை போட்ட டியூபும் அப்படியே. முப்பத்தாறைத் தாண்டியது, நாற்பது, நாற்பத்தைந்து. இரண்டும் அசையவில்லை.

ஏழு, பதினொன்று, பன்னிரண்டு மூன்றும் இருபத்திரண்டாவது சுற்றிலேயே ஏறியிருந்தன. மற்ற ஐந்திலும் ஒன்றுமில்லை.

நான் வேண்டிக்கொண்டது இதை அல்ல. என் தப்பால் மட்டும் வந்த பாசிட்டிவாய் இருக்கட்டும், என் வேலை போனாலும் போகட்டும் என்றுதான் இரண்டு நாளும் நினைத்திருந்தேன். மேலதிகாரி வந்து திரையைப் பார்த்து, "அன்றைக்கே சொன்னேனே" என்றார். "அன்றைக்கு உங்களுக்கும் தெரியாது சார், எனக்கும் தெரியாது" என்றேன். அவர் 3.20க்குக் கையெழுத்துப் போட்டார். கிட்டத்தட்ட இரண்டு நாள் தாமதம் என்னால் வந்தது, அதையும் அறிக்கையில் நானே எழுதினேன்.

முறைப்படி டாக்டர்தான் பண்ணைக்குச் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்டுக்கொண்டு நானே போன் செய்தேன்.

"அக்கா, ரிசல்ட் வந்துட்டு."

"மொதல்ல எனக்க குப்பி எப்படின்னு சொல்லு."

"சுத்தம் அக்கா. கடைசி வரைக்கும் ஒண்ணுமே வரல."

"அப்பம் பன்னிக்கு உண்டு."

"மூணுக்கு உண்டு அக்கா. ஏழு, பதினொண்ணு, பன்னெண்டு."

"முப்பத்தி நாலு ஒக்கயும் கொல்லுவாங்க இல்லியா?"

"ஆமா அக்கா."

நான் அழுதேன். அவர் அழவில்லை. "வெறும் தட்டு நேரா நிண்ணா பொறவு வாற எடைய ஒத்துக்கத்தான் செய்யணும் பிள்ளே" என்றார். பிறகு, "நாளைக்கு வாறவங்கள ஒம்பது மணிக்கு மேல வரச் சொல்லு. காலத்த தீனி குடுக்கணும். ஒண்ணயும் பட்டினியாட்டு விடமாட்டேன்" என்றார். டாக்டரிடம் சொன்னேன். ஒன்பதரைக்குத்தான் போனார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திரும்பும்போது பாலராமபுரத்தைக் காலை பத்துக்குள் அல்லது மதியம் இரண்டுக்கு மேல் தாண்டுங்கள், குளிர்ப்பெட்டிக்கு ஐஸ் இரண்டு மடங்காய் எடுங்கள். வண்டியைத் தூரத்தில் நிறுத்துங்கள், மாற்று உடை, பிளீச்சிங், புதுச் செருப்பு கட்டாயம். ஒரு பன்றிப் பண்ணைக்குப் போன அன்று இன்னொன்றுக்குப் போகவே வேண்டாம். வாய்க்கு ருசியாய்ச் சாப்பிட ஆசை என்றால் பாறசாலையில் ஆப்பத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பன்றிக் கறியைப் பொட்டலம் கட்டி வராதீர்கள். உங்கள் லேபில் ஏசி கெட்டுப்போனால் வியர்த்துக்கொண்டு நில்லுங்கள்.

வெறும் தண்ணீர் வைத்த டியூப் ஒன்று அதிகம் கொண்டுபோங்கள். பெட்டியில் இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மூடியைப் பன்றியின் சொந்தக்காரர் கையால் திறக்க விடுங்கள். மறுநாள் அவருக்குப் போன் செய்ய வேண்டியிருக்கும், அப்போது உங்களுக்குப் பேச ஒரு முகம் வேண்டும்.